முதலில் பரிசோதனை, பிறகு பெயர்: வன்னியில் உளவியல் கற்பிக்க வருகிறவர்களுக்கு

வன்னியில் உளவியல் பாடத்தைப் பொறுப்பேற்கும் எவரும் முதல் கிழமையிலேயே ஒரு கேள்வியைச் சந்திப்பார்கள்: "சேர், இதைப் படிச்சு முடிச்சா கவுன்சிலிங் செய்யலாமோ?" கேட்பவர் பட்டப்படிப்பு முதலாம் வருட மாணவராக இருக்கலாம். சனி ஞாயிறுகளில் டிப்ளோமா வகுப்புக்கு வரும் முன்பள்ளி ஆசிரியையாகவும் இருக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகும், 2009க்குப் பிறகும் இங்கே வந்த உளசமூகத் திட்டங்களின் ஊடாகத்தான் உளவியல் என்ற பெயர் பலருடைய காதில் முதன்முதலாக விழுந்தது. அதனால் உளவியல் என்றாலே காயப்பட்ட மனங்களைப் பற்றிய பேச்சு என்ற எண்ணம் ஆழமாக ஊன்றியிருக்கிறது.

புதிதாக வருகிறவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்றுதான்: காயத்திலிருந்து பாடத்தைத் தொடங்காதீர்கள். மனிதர் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று யாராவது ஒரு கூற்றைச் சொன்னால் அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று கேட்கப் பழக்கும் கல்வி உளவியல். அந்தக் கேள்வி கேட்கும் உரிமை இந்த மாணவர்களுக்கும் உண்டு. எத்தனையோ பேர் இவர்களை ஆராய்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர்களே ஆராய்கிறவர்களாக மாறுவதற்கு உங்கள் வகுப்பு இடம் கொடுக்க வேண்டும்.

வகுப்பில் யார் இருக்கிறார்கள்

முதலில் வயதைக் கணக்குப் பாருங்கள். 2005இல் பிறந்த ஒருவர் 2009 மே மாதத்தில் நாலு வயதுக் குழந்தை. இன்று பட்டப்படிப்புக்கு வரும் பிள்ளைகளில் பலருக்கு இறுதிப்போர் என்பது பாதி சொந்த நினைவு, பாதி வீட்டார் சொல்லக் கேட்டது. டிப்ளோமா வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் நாற்பது வயது அக்காவுக்கோ அது வளர்ந்த மனுசியாக நின்று கடந்த காலம். இரண்டு வகுப்புக்கும் ஒரே குறிப்பை வைத்துக் கற்பிக்க முடியாது.

வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே கதைதான் என்றும் நினைக்காதீர்கள். 1990இல் வெளியேற்றப்பட்டு, பின்னர் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை இருப்பார். எழுபதுகளில் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பத்தவர் இருப்பார். வவுனியா பம்பைமடுப் பல்கலைக்கழக வளாகத்தில் என்றால் தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவரும் இருப்பார். முன்னாள் போராளிகளுக்கான புனர்வாழ்வு முடித்து வந்த ஒருவரும் இருக்கக்கூடும். அவர் அதைச் சொல்லமாட்டார், நீங்களும் கேட்கக்கூடாது. "எங்கட அனுபவம்", "நாங்கள் எல்லாரும் பட்டது" என்று ஆசிரியர் பேசத் தொடங்கினால், அந்த 'நாங்கள்' என்பதற்குள் அடங்காத ஒருவர் பின்வரிசையில் மௌனமாகிவிடுவார்.

முதல் நாள் ஒரு சிறு துண்டுக் கடதாசி கொடுத்து மூன்று விஷயங்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள்: ஏன் இந்தப் பாடத்துக்கு வந்தீர்கள், உயர்தரத்தில் என்ன பாடங்கள் படித்தீர்கள், வகுப்புக்கு எங்கிருந்து எப்படி வருகிறீர்கள். அதற்கு மேல் வேண்டாம். "அப்பா என்ன வேலை?" என்று ஆசிரியர்கள் யோசிக்காமல் கேட்கும் கேள்வி இருக்கிறதே, அதை இங்கே சபை நடுவில் கேட்கவே கூடாது. எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வசனத்தில் பதில் இல்லை என்பதை வந்து சில மாதங்களில் நீங்களே உணர்வீர்கள்.

அந்தத் துண்டுகள் பலவற்றைச் சொல்லும். உள்ளூர் உயர்தரப் பாடங்களில் உளவியல் இல்லை. ஆகவே எல்லாரும் புதிதாகவே தொடங்குகிறார்கள். ஆனால் கலைப்பிரிவில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படித்தவர்களுக்குக் கருதுகோள், மாறி, தொகுத்தறிவு எல்லாம் தெரியும். அவர்களைக் குழுவுக்கு ஒருவராகப் பிரித்து இருத்துங்கள். முகாமைத்துவ மாணவர்கள் நிறுவன நடத்தை என்ற பாடத்தின் வழியாகவும், கல்வியியற் கல்லூரி ஆசிரிய மாணவர்கள் கல்வி உளவியல் வழியாகவும் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு உதாரணங்கள் மாறலாம், முறை மாறத் தேவையில்லை. நெடுங்கேணிக்கும் மல்லாவிக்கும் கடைசி பஸ் எப்போது என்று அறிந்து வைத்திருங்கள். முக்கியமான செயன்முறையைப் பின்னேரத்தின் கடைசி அரை மணித்தியாலத்தில் வைத்தால் பாதி வகுப்பு மணிக்கூட்டைத்தான் பார்க்கும்.

முதல் வகுப்பிலேயே அளக்கத் தொடங்குங்கள்

உளவியலின் வரைவிலக்கணம், அதன் கிளைகள், 1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய ஆய்வுகூடம் என்று முதல் நாளைச் செலவழிப்பது வழக்கம். அவற்றை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். முதல் நாள் ஒரு பரிசோதனை செய்யுங்கள். எனக்குப் பிடித்தது 1935இல் ஜோன் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்டது. மின்சாரம்கூட வேண்டாம்.

இரண்டு பிறிஸ்டல் போர்ட், நாலு நிற மார்க்கர் பேனை போதும். முதல் மட்டையில் சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு நிறங்களில் சிறு பெட்டிகளை மாறிமாறி இருபது வரையுங்கள். இரண்டாவது மட்டையில் அதே நிறங்களின் பெயர்களை எழுதுங்கள். ஆனால் "சிவப்பு" என்ற சொல்லை நீலத்தாலும், "பச்சை" என்ற சொல்லைக் கறுப்பாலும், இப்படிச் சொல்லும் மையும் பொருந்தாமல் இருபது சொற்கள். மாணவர் சொல்லை வாசிக்கக்கூடாது, மையின் நிறத்தை மட்டும் சொல்லவேண்டும். சோடி சோடியாகப் பிரித்து, கைபேசியில் ஒருவர் நேரம் எடுக்க மற்றவர் சொல்லட்டும். நிறம் பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர் யாராவது இருக்கலாம். அதனால் தொடங்கும்போதே "நேரம் எடுக்கிற வேலையை விரும்புறவை அதைச் செய்யலாம்" என்று சொல்லிவிட்டால் அவர் யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையிராது.

வகுப்பு கலகலக்கும். இரண்டாவது மட்டைக்குக் கூடிய நேரம் எடுக்கும், நாக்கு பிறழும். எல்லாருடைய நேரத்தையும் கரும்பலகையில் இரண்டு நிரலாக எழுதி, சராசரி கணிக்கச் சொல்லுங்கள். இனித்தான் பாடம் தொடங்குகிறது. "இரண்டாவது மட்டை ஏன் பிந்தியது?" என்று கேளுங்கள். வாசிப்பு தானாக நடப்பதால் நிறத்துக்குக் குறுக்கே வருகிறது என்று யாராவது சொல்வார்கள். உடனே "சரி" என்று முடித்துவிடாதீர்கள். "வேறு காரணம் இருக்கேலாதோ?" என்று திருப்பிக் கேளுங்கள். எல்லாரும் முதலாம் மட்டையை முதலில் செய்தார்களே, களைப்பாக இருக்கலாமே என்று ஒருவர் சொன்னால், பாதிப்பேர் முதலாவதையும் பாதிப்பேர் இரண்டாவதையும் முதலில் செய்யவேண்டும் என்ற முடிவுக்கு அவர்களே வந்து சேர்வார்கள். அப்படி வந்து சேர்ந்த பிறகு, அந்த ஏற்பாட்டுக்கு ஆய்வு முறையியலில் ஒரு பெயர் (counterbalancing) இருக்கிறது என்று சொல்லி எழுதிப்போடுங்கள். சாரா மாறி (நாம் மாற்றிப் பார்ப்பது), சார்ந்த மாறி (நாம் அளப்பது), கட்டுப்பாடு (மாறாமல் வைத்திருப்பது) எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்குதான்: முதலில் தேவை வரட்டும், பிறகு பெயர் வரட்டும். பெயரை மட்டும் முதலில் கொடுத்தால் மாணவர் அதைப் பாடமாக்கிப் பரீட்சையில் எழுதுவார், வேறொன்றும் நடக்காது.

வவுனியா போன்ற பல மொழி வகுப்பில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். அதே மட்டையைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் செய்யுங்கள். சரளமாக வாசிக்கும் மொழியில்தான் குறுக்கீடு கூட இருக்கும் என்பது பல ஆய்வுகளில் கண்ட விஷயம். சிங்களம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்கள மட்டை இலகுவாக வரும், சிங்கள மாணவருக்குத் தமிழ் மட்டை இலகுவாக வரும். ஒருவருடைய பலவீனம் இங்கே அவருக்குச் சாதகமாகிறது. ஒரு வகுப்பு ஒன்றுசேர இதைவிட நல்ல முதல் நாள் கிடைக்காது.

நினைவு: மிகக் கவனமாகக் கற்பிக்கவேண்டிய அலகு

நினைவு என்ற அலகு எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. வேறு ஊரில் அது சாதாரண அலகு. இங்கே அப்படியல்ல.

முதலில் தீங்கில்லாத ஒரு செயன்முறை. பன்னிரண்டு சொற்களை நிதானமாக வாசியுங்கள்: கட்டில், தலையணை, கனவு, இரவு, கொட்டாவி, பாய், போர்வை, களைப்பு, குறட்டை, தாலாட்டு, விழிப்பு, ஓய்வு. இரண்டு நிமிடம் வேறு ஏதாவது கதைத்துவிட்டு, நினைவில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். வாசிக்கவே வாசிக்காத "நித்திரை" என்ற சொல்லைப் பலர் எழுதியிருப்பார்கள். சிலர் "நீங்கள் வாசிச்சனீங்கள், நான் கேட்டனான்" என்று அடித்துச் சொல்வார்கள். டீஸ் 1959இல் தொடக்கிய இந்த முறையை ரோடிகரும் மக்டெர்மட்டும் 1995இல் விரித்துச் செய்தார்கள். நினைவு பதிவுக் கருவியல்ல, ஒவ்வொரு முறையும் கட்டியெழுப்பப்படுவது என்ற விஷயம் மாணவருக்குத் தம் சொந்தக் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து எலிசபெத் லொஃப்டஸும் ஜோன் பாமரும் 1974இல் செய்த ஆய்வுக்குப் போகலாம். வாகன விபத்துப் படங்களைப் பார்த்த மாணவர்களிடம் வேகத்தைக் கேட்டார்கள். "மோதி நொறுங்கியபோது" என்ற கருத்துடைய வினைச்சொல்லால் கேட்டபோது சராசரி மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். "தொட்டபோது" என்ற மாதிரிக் கேட்டபோது 31.8 மைல். கேள்வியில் ஒரு சொல்தான் மாறியது.

இந்த இடத்தில், நீங்கள் எதிர்பார்த்தாலும் எதிர்பார்க்காவிட்டாலும், வகுப்பில் ஒரு கனமான கேள்வி எழும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்தை இந்தப் பிள்ளைகள் வீதியோரக் கொட்டிலில் பார்த்து வளர்ந்தவர்கள். சிலருடைய அம்மம்மாவே அந்தக் கொட்டிலில் இருந்திருப்பார். "அப்ப, எங்கட சனம் சொல்லுற சாட்சியமும் நம்பேலாதோ?" என்று ஒரு பிள்ளை கேட்டால் நழுவாதீர்கள், நேராகப் பதில் சொல்லுங்கள். ஒரு வேகம், ஒரு நிறம், நிகழ்வுகளின் வரிசை போன்ற விபரங்கள் கேள்வி கேட்கும் விதத்தால் மாறலாம் என்பதையே இந்த ஆய்வுகள் காட்டின. கண்முன்னே பிள்ளையைப் படையினரிடம் கையளித்த ஒரு தாய் அதைக் கற்பனை செய்தார் என்று சொல்ல இந்த ஆய்வுகளில் எந்த ஆதாரமும் இல்லை. ஒரு சாட்சியத்தை மற்றச் சாட்சியங்களோடும் ஆவணங்களோடும் ஒப்பிட்டுத்தான் எடைபோடுவார்கள். நினைவைப் பற்றிய இந்த அறிவு சாட்சி சொல்பவரைவிடக் கேள்வி கேட்பவர் மீதே பொறுப்பைப் போடுகிறது: பதிலைத் திணிக்கும் கேள்வியைக் கேட்காதே, குறுக்கே பேசாதே, அவருடைய ஒழுங்கில் சொல்லவிடு. ஃபிஷரும் கைசல்மனும் எண்பதுகளில் வளர்த்த அறிகை நேர்காணல் முறை இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. இந்த அலகை அந்த முறையோடு முடியுங்கள். நினைவு பிழைக்கும் என்ற செய்தியோடு மட்டும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மாணவரின் போர்க்கால நினைவுகளை எந்தக் காரணத்துக்காகவும் செயன்முறைக்குப் பயன்படுத்தவேண்டாம். "உங்களுக்கு மறக்கமுடியாத நாளைப் பற்றி எழுதுங்கள்" என்ற சாதாரணப் பயிற்சியும் இங்கே சாதாரணமானதல்ல.

பிரபலமான ஆய்வுகளை முழுதாகச் சொல்லுங்கள்

ஸ்டான்லி மில்கிரம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கீழ்ப்படிவு ஆய்வை எல்லாரும் கற்பிக்கிறோம். பக்கத்து அறையில் இருப்பவர் பிழை விடும்போதெல்லாம் கூடக்கூட மின்னதிர்ச்சி கொடு என்று பங்குபற்றியவருக்குக் கட்டளையிடப்பட்டது (அதிர்ச்சி உண்மையில் போலி). நாற்பது பேரில் 26 பேர், அதாவது 65 வீதம், 450 வோல்ட் வரை அழுத்தினார்கள். பெரும்பாலான விரிவுரைகள் அந்த எண்ணோடு நின்றுவிடும். "மனுசர் இப்பிடித்தான்" என்று மாணவர் தலையை ஆட்டுவார்கள், வன்னியில் அந்தத் தலையாட்டலுக்கு ஒரு கசப்பும் இருக்கும். தயவுசெய்து அங்கே நிற்காதீர்கள். மில்கிரம் பல மாற்றங்களைச் செய்து பார்த்தார். கட்டளையிடுபவர் அறையை விட்டு வெளியேறித் தொலைபேசியில் சொன்னபோது கடைசிவரை போனவர்கள் ஏறத்தாழ 20 வீதமாகக் குறைந்தார்கள். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் "மாட்டோம்" என்று எழுந்தபோது நாற்பதில் நாலு பேர் மட்டுமே கடைசிவரை போனார்கள். சொலமன் ஆஷ் ஐம்பதுகளில் செய்த கோட்டு நீளப் பரிசோதனையிலும் இதே மாதிரி: மற்றவர்கள் வேண்டுமென்றே பிழையான விடை சொல்லும் குழுவில் ஒரே ஒருவர் உண்மையைச் சொன்னாலும் பங்குபற்றியவர் இணங்கிப்போவது பெருமளவு குறைந்தது. எந்தச் சூழ்நிலையில் மனிதர் மறுக்கிறார்கள் என்ற இந்தப் பாதியையும் கேட்க இந்த மாணவர்களுக்கு உரிமை இருக்கிறது.

மாணவர்களைக் காவலராகவும் கைதியாகவும் நடிக்கவைத்த சிம்பார்டோவின் 1971 சிறைச்சாலைப் பரிசோதனையை, ஆய்வொன்றை எப்படி விமர்சிப்பது என்பதற்கான பாடமாக வையுங்கள். காவலர்களுக்கு எப்படி நடக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்ற கேள்வி பின்னர் வலுவாக எழுந்தது. ரைக்கரும் ஹஸ்லமும் பிரித்தானியாவில் செய்து 2002இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆய்வில் காவலர்கள் சிம்பார்டோவின் காவலர்களைப் போலக் கொடுமை செய்பவர்களாக மாறவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து விவாதிக்கச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகக் கதைப்பார்கள்.

கூடவே, இந்த ஆய்வுகளில் பங்குபற்றியவர்கள் யார் என்று கேட்கப் பழக்குங்கள். ஜெஃப்ரி ஆர்னட் 2008இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு சஞ்சிகைகளை ஆராய்ந்தபோது, பங்குபற்றியவர்களில் ஏறத்தாழ 96 வீதமானோர் மேற்கத்தேய கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று கண்டார். 2015இல் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெரிய கூட்டுமுயற்சியில் 36 வீதமானவையே முன்போலப் புள்ளிவிபரப்படி பொருளுள்ள முடிவைத் தந்தன. இதைச் சொன்னால் மாணவருக்குப் பாடத்தில் நம்பிக்கை போய்விடும் என்று சில விரிவுரையாளர்கள் பயப்படுகிறார்கள். நான் பார்த்தது எதிர்மாறு. தங்கள் ஊரிலிருந்து வரும் ஒரு சிறு தரவுக்கும் பெறுமதி உண்டு என்று அப்போதுதான் அவர்கள் நிமிர்ந்து இருக்கிறார்கள்.

மனவடு அலகு வரும்போது

ஒரு நாள் அதைக் கற்பிக்கத்தான் வேண்டும். அரையாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வையுங்கள். அதற்குள் வகுப்பு உங்களை அறிந்திருக்கும், முறையியலும் கையில் இருக்கும். மே மாதம் 18ஆம் திகதியை ஒட்டிய நாட்களில் வைக்கவேண்டாம்.

முந்தின கிழமையே அறிவியுங்கள்: அடுத்த வாரம் இந்த அலகு, விரும்பாதவர்கள் வராமல் குறிப்பைப் பெற்றுக்கொள்ளலாம், வந்தாலும் இடையில் எழுந்து போகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, வரவுப் புள்ளியும் குறையாது. படங்கள், வீடியோக்கள் காட்டாதீர்கள். யாரையும் தம் அனுபவத்தைச் சொல்லும்படி அழைக்காதீர்கள். யாராவது தாமாகச் சொன்னால் மரியாதையோடு கேளுங்கள், ஆனால் சபைமுன் மேலும் கிளறாதீர்கள். சொன்னதற்கு நன்றி கூறி மெதுவாகப் பாடத்துக்குத் திரும்புங்கள், முடிந்த பிறகு தனியாகப் போய்க் கதையுங்கள்.

உள்ளடக்கத்தில் நாலு விஷயங்கள் கட்டாயம் இருக்கட்டும். ஒன்று, நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் (PTSD) என்ற பெயர் அமெரிக்க உளநோய் வகைப்படுத்தலில் 1980இல்தான் சேர்ந்தது. துன்பப்பட்ட எல்லாருக்கும் அந்த நோய் வருவதில்லை, பெரும்பாலானோர் காலப்போக்கில் தேறிவருகிறார்கள். இரண்டு, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதிய கூட்டு மனவடு என்ற கருத்து: காயம் தனிமனிதருக்குள் மட்டுமல்ல, குடும்பம், அயல், ஊர், நம்பிக்கை என்ற உறவுகளின் மட்டத்திலும் நிகழ்கிறது என்பதை அவர் வட இலங்கை அனுபவத்திலிருந்து காட்டினார். மேற்கிலிருந்து மட்டுமே கோட்பாடு வரும் என்று நினைத்திருந்த மாணவருக்கு இது மிக முக்கியம். மூன்று, போலின் பொஸ் வளர்த்த தெளிவற்ற இழப்பு என்ற கருத்து. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்காகக் காத்திருப்பவரிடம் "முடிஞ்சது எண்டு நினையுங்கோ" என்று சொல்லக்கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் கோட்பாட்டை நான் அறியேன்.

நாலாவது, பலருக்கு வியப்பாக இருக்கும். பயங்கரமான நிகழ்வொன்று நடந்த உடனே எல்லாரையும் இருத்தி ஒரே அமர்வில் நடந்ததைச் சொல்லவைக்கும் முறையை ரோஸ், பிசன், வெஸ்லி ஆகியோர் 2002இல் தொகுத்து மீளாய்வு செய்தார்கள். அது பிற்கால மனவடு நோயைத் தடுத்ததற்குச் சான்று இல்லை, சிலருக்குத் தீங்கும் செய்திருக்கலாம் என்பது முடிவு. "கதைச்சா மனம் ஆறும்" என்ற நம்பிக்கையோடு கட்டாயப்படுத்திக் கதைக்கவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் கேட்பது எளிமையானது: பாருங்கள், கேளுங்கள், உதவியோடு இணைத்துவிடுங்கள்.

வகுப்பில் ஒருவர் உடைந்து அழுதால் அந்த மூன்றையே செய்யுங்கள். எல்லாருக்கும் பத்து நிமிட இடைவேளை கொடுங்கள், அப்போது ஒருவர் மட்டும் தனித்துத் தெரியமாட்டார். அவருக்கு விருப்பமான சிநேகிதி பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீர் கொடுங்கள், என்ன வேணும் என்று கேளுங்கள், என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவு எந்த நாட்களில் கிளினிக் வைக்கிறது என்பதை அரையாண்டு தொடங்கமுன் நேரில் போய் விசாரித்து, அங்குள்ள உளநல மருத்துவ உத்தியோகத்தரை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐக் குறிப்பின் முதற்பக்கத்தில் அச்சிடுங்கள். விரிவுரையாளராகிய நீங்கள் உங்கள் மாணவருக்கு ஆற்றுப்படுத்துநராக இருக்கக்கூடாது. புள்ளி போடுபவரும் மனதைக் கேட்பவரும் ஒரே ஆளாக இருந்தால் இரண்டு வேலையும் பழுதாகும்.

டிப்ளோமா வகுப்பு

முன்பள்ளி ஆசிரியைகள், தாதியர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஏற்கெனவே களத்தில் நிற்பவர்கள் இங்கே வருகிறார்கள். உங்களைவிட அதிகமான பிள்ளைகளையும் தாய்மாரையும் பார்த்தவர்கள். மூத்தவர்களை அக்கா, ரீச்சர் என்றே அழையுங்கள். கோட்பாட்டிலிருந்து இறங்காமல் அவர்களுடைய வேலையிலிருந்து ஏறுங்கள்.

ஒரு உதாரணம். பிள்ளை கடையில் அழுகிறது, தாய் போனைக் கொடுக்கிறார், அழுகை நிற்கிறது. யாருடைய நடத்தை இங்கே பலப்படுகிறது? "பிள்ளையின்ர" என்று உடனே சொல்வார்கள். தாயினுடையதும்தான் என்று அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருங்கள். அழுதால் போன் கிடைப்பதால் பிள்ளையின் அழுகை கூடுகிறது, அது நேர் மீளவலியுறுத்தல். கொடுத்தால் சத்தம் நிற்பதால் தாயின் கொடுக்கும் பழக்கம் கூடுகிறது, அது எதிர் மீளவலியுறுத்தல். பாடநூல்களிலேயே தண்டனையோடு குழப்பப்படும் இந்தக் கருத்து இதன்பிறகு குழம்பாது. நுளம்புத்திரி கொளுத்துவது எந்த வகை என்று அடுத்த கிழமை கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜேயின் நீர்ப் பரிசோதனையை முன்பள்ளி ஆசிரியைகள், பெற்றோரின் அனுமதியோடு, தாங்களே செய்யலாம். ஒரே அளவான இரண்டு கிளாஸில் தண்ணீர் வைத்து எதில் கூட என்று கேட்பது, பின்னர் ஒன்றை ஒடுங்கிய நீள கிளாஸுக்கு ஊற்றி அதையே திரும்பக் கேட்பது. ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் நீளத்தைக் காட்டும். அதன்பின் ரோஸும் பிளாங்கும் 1974இல் கேட்ட சந்தேகத்தைச் சொல்லுங்கள்: ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்டதாலேயே பிள்ளை பதிலை மாற்றியதோ? ஒரு முறை மட்டும் கேட்டபோது சரியான விடை கூடியது. இங்கே ஆசிரியைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். ரீச்சர் திரும்பக் கேட்டால் முதல் சொன்னது பிழை என்றுதான் எங்கள் பிள்ளைகள் எடுப்பார்கள். அடுத்த நாள் தங்கள் வகுப்பில் கேள்வி கேட்கும் விதத்தையே மாற்றியதாகச் சிலர் வந்து சொல்வார்கள்.

குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றிய பற்றுதல் கோட்பாட்டைக் கற்பிக்கும்போது, தாய் வெளிநாட்டில் வேலைசெய்ய அம்மம்மாவிடம் வளரும் பிள்ளைகள் இவர்களுடைய ஒவ்வொரு முன்பள்ளியிலும் இருக்கிறார்கள் என்பதை மனதில் வையுங்கள். அந்தக் கோட்பாட்டை வளர்த்தவர்களில் ஒருவரான மேரி ஐன்ஸ்வேர்த் தன் கள அவதானிப்பை முதலில் உகண்டாவில்தான் செய்தார், அங்கே பிள்ளையைப் பலர் சேர்ந்து வளர்ப்பதையும் பதிந்தார். "பாதுகாப்பற்ற பற்றுதல்" என்ற முத்திரையைப் பயிற்சி பெறாத ஒருவர் ஒரு பிள்ளையின் மேல் குத்துவது தவறு என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். தொடக்கத்தில் வந்த அந்தக் கவுன்சிலிங் கேள்விக்கும் இதே இடத்தில் பதில் சொல்லலாம்: டிப்ளோமா உளவியல் அறிவைத் தரும். ஆற்றுப்படுத்தல் செய்ய மேற்பார்வையோடு கூடிய தனிப் பயிற்சி வேண்டும்.

ஒப்படையும் பரீட்சையும்

பாடமாக்கி எழுதும் பழக்கத்தோடு சண்டை பிடிப்பதைவிட, அதை நல்ல வழிக்குத் திருப்பலாம். ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டியபடி, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமையின் பின், பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வகுப்பையும் போன கிழமைப் பாடத்திலிருந்து மூன்று கேள்வியோடு தொடங்குங்கள். புள்ளி வேண்டாம். கொப்பியை மூடிவைத்து எழுதட்டும்.

ஒப்படைக்கு ஒரு கடுமையான எல்லை போடுங்கள்: காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்கள், முன்னாள் போராளிகள், கணவரை இழந்த பெண்கள் ஆகியோரிடம் மாணவர்கள் வினாக்கொத்தோடு போகக்கூடாது. இங்குள்ள சனம் படிவம் நிரப்பிக் களைத்துவிட்டது. ஒரு ஒப்படைப் புள்ளிக்காக அந்த வாசலை மறுபடி தட்டுவது நியாயமல்ல. அதற்குப் பதிலாக ஸ்ட்ரூப் மட்டையை வயது வேறுபாட்டோடு செய்யலாம். பஸ் நிலையத்தில் வரிசை எப்படி உருவாகிறது, எப்போது உடைகிறது என்று பெயரில்லாமல் அவதானிக்கலாம். "ரியூசனுக்குப் போற பிள்ளைகள் கூடப் புள்ளி எடுக்கினம், ஆகவே ரியூசன்தான் காரணம்" என்ற கூற்றை எடுத்து, வீட்டு வருமானம், பெற்றோரின் படிப்பு, பிள்ளையின் முன்னைய புள்ளி என்று மாற்றுக் காரணங்களைத் தேடி எழுதலாம். கடைசியாகச் சொன்னது நான் கொடுத்த ஒப்படைகளில் மிகச் சிறந்த பதில்களைக் கொண்டுவந்தது.

இன்னும் சில

வற்றாப்பளைப் பொங்கல், அரிவு வெட்டு நாட்கள், நோன்பு காலம் ஆகியவற்றைக் கலண்டரில் முதலே குறித்து, இடைப் பரீட்சைகளை அவற்றிலிருந்து விலக்குங்கள். புரொஜெக்டரை நம்பிப் பாடம் தயாரிக்காதீர்கள். வட்ஸ்அப்பில் குறிப்பு அனுப்புவதானால் சிறிய கோப்பாக அனுப்புங்கள், டேட்டா காசு. தமிழில் வாசிக்க எதுவுமில்லை என்று சொல்லும் மாணவரை நூலகம் இணையத்தளத்துக்கு அனுப்புங்கள். ஈழத்தில் வெளிவந்த உளவியல் நூல்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வரும் "நான்" உளவியல் சஞ்சிகையின் பழைய இதழ்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கும்.

அரையாண்டு முடியும்போது மட்டைகளையும் சொற்பட்டியல்களையும் பெயர் நீக்கிய நேரத் தரவுகளையும் ஒரு கோப்பில் போட்டுத் திணைக்களத்தில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அடுத்த அணி தன் எண்களை இந்த எண்களோடு ஒப்பிடட்டும். நாலைந்து அணிகளின் தரவு சேர்ந்தால், மூன்று மொழி மட்டைகளை வைத்து ஓர் இறுதியாண்டு மாணவர் நல்ல ஆய்வொன்றை எழுதலாம்.